வாத்துக்கு மார்ச் 31 தெரியாது

நான் ரொறன்ரோவில ஒரு அறக்கட்டளையில வேலை செய்யிறன், பேர் வேண்டாம். பூர்வகுடி சமூகங்கள் தங்கட சாப்பாட்டைத் தாங்களே பாத்துக்கொள்ளுற திட்டங்களுக்குக் காசு குடுக்கிறதுதான் வேலை. குடுக்கிறது எண்டு சொல்ல நல்லாத்தான் இருக்கும், உண்மையில என்ர நாளில முக்கால்வாசி பில் கேக்கிறதிலதான் போகும்.

முதல்முதல் என்ர கைக்கு வந்த ஃபைல் ஒன்ராறியோவின்ர வடக்கில ஜேம்ஸ் பே கரையில இருக்கிற கிறீ எண்ட பூர்வகுடிச் சமூகம் ஒண்டின்ர. றோட்டு இல்லாத இடம், கொக்றேனில ரெயின் ஏறி மூசோனி போய் அங்கயிருந்து சின்னப் பிளேன் எடுக்கோணும், மாரியில மட்டும் ஆறும் சதுப்பும் உறைஞ்சாப் பிறகு பனி றோட்டு ஒண்டு போடுவினம், அதுவும் மார்ச் கடைசியில கரையத் தொடங்கீடும். அவை கேட்டது பெரிய விசயம் ஒண்டும் இல்லை. வசந்தத்தில கூஸ் வேட்டைக்குப் போகேக்க பெடியளையும் வயசான ஆக்களையும் ஒண்டாக் கூட்டிக்கொண்டு போக பெற்றோல், தோட்டா, கூடாரம், சாப்பாட்டுச் சாமான். (கூஸ் எண்டால் எங்கட ஆக்கள் கனபேர் தாரா எண்டு நினைப்பினம், தாரா இல்லை, வாத்து, பெரிசு.) ஏப்ரல் நடுவில தொடங்கி மே வரைக்கும் வாத்துக்கள் தெற்கிலயிருந்து வரும், அந்த நேரம் பள்ளிக்கூடமே பூட்டிப்போடுவினம், கூஸ் பிறேக் எண்டு அதுக்குப் பேர்.

எங்கட கணக்கு வருசம் மார்ச் 31ஓட முடியுது. அதுக்குள்ள செலவழிக்காத காசு திரும்பி வரோணும். நான் அப்ப புதுசு, சட்டம் படிச்ச மாதிரி ஒரு ஈமெயில் போட்டன், இந்த முகாமை மார்ச்சுக்கு முன்தள்ள ஏலுமோ எண்டு. அங்க திட்டத்தைப் பாக்கிற பெண் ஒரு வரியில பதில் போட்டா: "வாத்திட்ட கேட்டுப் பாக்கிறன்."

சிரிச்சன், ஆனா விதியை மாத்தேல்லை. அவை என்ன செய்தவை எண்டால் காசு போயிடும் எண்ட பயத்தில ரெண்டு பெரிய ஃபிரீசர் வாங்கி பனி றோட்டால ஏத்திக்கொண்டு போனவை. அங்க போனாப் பிறகுதான் தெரியும், வைக்க இருந்த மண்டபத்தில கறண்ட் காணாதெண்டு. கோடை முழுக்க அது பெட்டி பிரிக்காமல் கிடந்தது. எங்கட றிப்போட்டில அந்தத் திட்டம் பச்சை நிறம், நூறு வீதம் செலவழிச்சாச்சு, சரியான நேரத்தில. வாத்து வேட்டைக்கு வழமை மாதிரி தங்கட சொந்தக் காசில போனவை.

தோட்டாவும் எங்கட பட்டியலில இல்லை. துவக்கு சம்பந்தப்பட்ட ஒண்டுக்கும் காசு இல்லையெண்டு போட்டிருந்தது, ஆனா தக்காளி விதைக்கு இருக்கு, பச்சைவீடு கட்ட இருக்கு. கிறீன்ஹவுஸ் எண்டால் எங்கட ஒஃபிஸ் ஆக்களுக்கு ஒரு தனி ஆசை, பிளாஸ்ரிக் கூரைக்குக் கீழ சின்னப்பிள்ளை ஒண்டு லெட்டூஸ் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம் வந்தால் போர்ட் மீற்றிங்கில எல்லாரும் உருகிப்போவினம், செத்த வாத்தோட நிக்கிற படத்துக்கு ஒருத்தரும் உருகிறேல்லை. கிறீன்ஹவுஸ் கூடாது எண்டு சொல்லேல்லை, கேக்கிற ஆக்களும் இருக்கினம். ஆனா கேட்டது ஒண்டு குடுத்தது ஒண்டு எண்டால் அதில இறையாண்மை எங்க இருக்கு? 1996இல வியா கம்பெசினா எண்ட விவசாயிகள் இயக்கம் உணவு இறையாண்மை எண்ட சொல்லை முன்வைச்சதே இதுக்காகத்தானே, வயிறு நிறைஞ்சாக் காணாது, என்ன சாப்பிடுறது எப்பிடி எடுக்கிறது எண்டு யார் முடிவெடுக்கிறது எண்டதுதான் கேள்வி. அரசாங்கமே எங்களுக்கு முன்னால விளங்கிக்கொண்டுது, 2020இல, வடக்கில ஒதுக்குப்புறமான ஊருகளில சாப்பாட்டு விலையைக் குறைக்கிற நியூட்ரிஷன் நோர்த் திட்டத்துக்குள்ள வேட்டைக்காரருக்கெண்டு ஒரு மானியம் கொண்டுவந்தவை, காசைப் பூர்வகுடி அரசுகளிட்டக் குடுத்து என்னத்துக்குச் செலவழிக்கிறது எண்டதை அவையிட்டயே விட்டது. தோட்டா, பெற்றோல் எல்லாம் அதில சரி.

எங்களிட்ட இன்னொரு சிக்கலும் இருந்தது. 2022 வரைக்கும் வருமானவரிச் சட்டப்படி, பதிவு செய்த தொண்டு நிறுவனம் மாதிரி சட்டம் ஏற்றுக்கொண்ட ஆக்களுக்குத்தான் நாங்கள் மானியம் குடுக்கலாம். மற்றவைக்குக் குடுக்கிறதெண்டால் அது எங்கட சொந்த வேலை மாதிரி எங்கட கட்டுப்பாட்டில நடக்கோணும். சமூகத்தின்ர நிர்வாகம் பதிவு எடுக்கலாம், ஆனா நாலு தாய்மார் சேந்து மீன் கருவாடு போடுறம் எண்டால் அவை எங்க போய்ப் பதியிறது? அதுக்காக நடுவில ஒரு நிறுவனத்தைப் பிடிக்கோணும், அவை நிர்வாகச் செலவெண்டு ஒரு பங்கு எடுப்பினம். தங்கட சாப்பாட்டில தாங்களே முடிவெடுக்கிற திட்டம், எங்கட கட்டுப்பாட்டில. ஒப்பந்தத்தில இது ரெண்டும் ஒரே பக்கத்தில இருக்கும், ஆரும் அதை வாசிச்சுச் சிரிச்சதாக் காணேல்லை. 2022இல சட்டம் தளர்ந்தது, எங்கட ஃபோம் தளர இன்னும் ரெண்டு வருசம் எடுத்தது.

இனி புகையிலை. அங்க ஒரு மூத்தவரிட்ட ஏதும் கேக்கிறதெண்டால், கதை சொல்லக் கூப்பிடுறதெண்டால், முதலில புகையிலை குடுக்கோணும். எங்கட தடைப்பட்டியலில முதலாவது மது, ரெண்டாவது புகையிலை. பில்லில புகையிலை எண்டு வந்தவுடன கணக்காய்வாளர் சிவப்பில வட்டம் போட்டு அனுப்பீட்டார். நான் அவருக்கு அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினன், எங்கட ஊரில வெத்திலை வைக்காமல் மேளகாரரைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவினமோ எண்டெல்லாம் சொல்லிப் பாத்தன், அவர் பாவம், அவருக்கு வெத்திலையும் தெரியாது. கடைசியில சடங்குப் பொருள் எண்டு எழுதி முடிச்சம்.

ஆனா நான் செய்த பெரிய பிழை வேற. பள்ளிக்கூடத்தில காட்டுச் சாப்பாடு குடுக்கிற திட்டம் ஒண்டு, அதின்ர பயனை எப்பிடிக் காட்டுறது எண்டு யோசிச்சு, தொடங்க முதலும் முடிஞ்சாப் பிறகும் பிள்ளையளின்ர நிறையும் இரத்தத்தில இரும்புச்சத்தும் அளக்கலாம் எண்டு எழுதிக் குடுத்தன். எனக்கு அது நல்ல யோசனையாத்தான் பட்டது. அந்தப் பெண் உடன ஃபோன் எடுத்தா, சத்தம் போடேல்லை, "எங்கட பிள்ளையளில திரும்பவும் அளக்கப் போறியளோ" எண்டு மட்டும் கேட்டா. எனக்கு அந்த "திரும்பவும்" விளங்கேல்லை, பேந்து போய்த் தேடி வாசிச்சன். 1942இலயிருந்து 1952 வரைக்கும் கனடா அரசாங்கத்தின்ர ஆராய்ச்சியாளர்கள் பூர்வகுடி ஆக்களில சத்துணவுப் பரிசோதனை செய்திருக்கினம், குறைஞ்சது 1,300 பேர், கனபேர் வதிவிடப் பள்ளிப் பிள்ளையள், தாய்தேப்பனிட்டயிருந்து பிரிச்சுக் கொண்டுபோய்த் தங்கவைச்ச பிள்ளையள். பிள்ளையள் பசியில இருக்கிறது தெரிஞ்சுகொண்டே ஒரு பள்ளியில பாலைக் கூட்டாமல் அப்பிடியே ரெண்டு வருசம் விட்டு அளந்தவை, பரிசோதனை குழம்பும் எண்டு பல் வைத்தியத்தைக் கூட நிப்பாட்டி வைச்சவை. வடமேற்கு ஒன்ராறியோவில கெனோரா பள்ளியும் அதில ஒண்டு. இயன் மொஸ்பி எண்ட வரலாற்றாசிரியர் 2013இல எழுதினாப் பிறகுதான் இது வெளியில பரவலாத் தெரிய வந்தது. நான் அந்த வேலையில ரெண்டு வருசம் இருந்து ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை, நானும் தேடேல்லை.

அந்த அளவுகோலை வெட்டினன். மன்னிப்புக் கேட்டன். அவ "சரி, அப்ப மேயில வந்து பாருங்கோ" எண்டா.

போனன். ஸ்ப்றூஸ் கிளை பரப்பின கூடாரம், நடுவில நெருப்பு, மேல கட்டின கயித்தில வாத்து ஒண்டு தொங்குது, பக்கத்தில இருக்கிற பிள்ளை தடியால மெல்லமா ஒரு தட்டுத் தட்டிவிட அது சுத்தி முறுக்கேறி திரும்பி மற்றப்பக்கமாச் சுத்தும், கொழுப்பு கீழ வைச்ச சட்டியில சொட்டும். வெளியில பெண்கள் இறகு பிடுங்கிக்கொண்டு இருக்கினம், மெத்தென்ற இறகெல்லாம் தனிப் பையில, தலையணைக்கு. ஒரு அம்மம்மா இருந்துகொண்டு இது அந்த வீட்டுக்கு இது இந்த வீட்டுக்கு எண்டு சொல்லச் சொல்ல பெடியள் கொண்டு போகினம். லிஸ்ற் இல்லை. நான் கேட்டன் எத்தினை குடும்பத்துக்குப் போகுது எண்டு. அவ என்னைப் பாத்து "எல்லாருக்கும்" எண்டா. 95இல இடம்பெயர்ந்து தென்மராட்சியில நிவாரண மாவுக்கு லைனில நிண்ட ஆள் நான், அட்டையில பேர் இல்லாட்டி மா இல்லை, அண்டைக்கு அந்த மேசைக்குப் பின்னால இருந்தவரின்ர கொப்பி இப்ப என்ர கையில இருக்கிற மாதிரி எனக்குக் கூச்சமாப் போச்சு.

பிறகு எங்கட ஃபோமில கொஞ்சம் மாறிச்சு. மூண்டு வருசக் காசு ஒரேயடியா, தோட்டா சரி, எழுத விருப்பமில்லாட்டி ஃபோனில கதைக்கலாம், நான் எழுதிக்கொள்ளுவன். வேற நிதி மூலம் என்ன எண்ட கேள்வியை மட்டும் எடுக்க விடேல்லை, அதுக்கு அந்தப் பெண் எல்லா வருசமும் ஒரே பதில்தான் போடுவா: "9ஆம் ஒப்பந்தம், ஆளுக்கு வருசம் 4 டொலர்." எங்கட மனேஜர் முதல்தரம் பாத்திட்டு சைபர் விடுபட்டுப்போச்சு எண்டு நினைச்சவர். விடுபடேல்லை, அவையின்ர நிலத்துக்கெண்டு அரசாங்கம் செய்த ஒப்பந்தத்தில 1905இல எழுதின தொகை, இண்டைக்கும் அதுதான்.

போன வருசம் அவ ரொறன்ரோ வரேக்க புகை போட்ட வாத்து ஒண்டு பேப்பரில சுத்திக் கொண்டுவந்து தந்தா. அம்மா அதைச் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டல் கறி வைச்சா, புகை வாசம் போகேல்லை, நல்லாத்தான் இருந்தது. எங்கட ஒஃபிஸில பரிசு வாங்கினால் பதியோணும், பொருள், தந்தவர், சந்தைப் பெறுமதி. காட்டு வாத்தை விக்கிறது சட்டப்படி தடை, அப்ப சந்தையும் இல்லை பெறுமதியும் இல்லை, அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டு அனுப்பினன். ரெண்டு நாளால திரும்பி வந்தது, பூரணமில்லை எண்டு.