வடிகாலில் கிடந்த 88 கற்கள்

மகளின் நான்காம் வகுப்பை வேல்ஸில் இரண்டு வரலாற்று இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்குப் பெற்றோர் தேவை என்றதும், ஆபீசுக்கு ஒருநாள் லீவு போடலாமே என்று பெயர் கொடுத்தேன். பளீர் மஞ்சள் மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டு ஆறு பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டார்கள். அன்று நான் அதிகம் செய்தது ஒன்று முதல் ஆறு வரை எண்ணியதுதான்.

முதலில் கார்லியன். கி.பி. 75 வாக்கில் ரோமானியரின் இரண்டாம் அகஸ்டா படையணி கோட்டை கட்டித் தங்கிய ஊர். சுமார் 6,000 பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அரங்கம் இப்போது புல் மூடிய நீள்வட்டக் குழி. பழங்கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவின் வட்டமேசை என்றுதான் ஊரில் சொல்லி வந்திருக்கிறார்கள். 1926-27-ல் மார்டிமர் வீலரும் மனைவி டெஸ்ஸாவும் தோண்டிய பிறகுதான் முழுதாக வெளியே வந்தது.

வீலரா! 1945-ல் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டி, அங்கே கிடைத்த ரோமானியப் பானை ஓடுகளை வைத்து அதன் காலத்தைக் கணித்த அதே மனிதர். பக்கத்தில் நின்ற டீச்சரிடம் ஆர்வமாகச் சொன்னேன். "அப்படியா, அருமை" என்றவர் தலைகளை எண்ணப் போய்விட்டார்.

பிள்ளைகள் அசையாமல் நின்றது குளியல் கூடத்து வடிகால் கதையில்தான். அதைத் தோண்டியபோது உருவம் செதுக்கிய 88 சின்னஞ்சிறு மோதிரக் கற்கள் கிடைத்தனவாம். வெந்நீரிலும் ஆவியிலும் பசை இளகி, கல் கழன்று, தண்ணீரோடு போய்விட்டது. "மோதிரத்தைக் கழற்றி வைச்சிட்டுக் குளிக்கக் கூடாதா?" என்றான் ஒரு பையன். கழற்றி வைத்தால் பக்கத்துச் சிப்பாய் எடுத்துக்கொள்வான் என்றாள் என் மகள். நியாயம்தான். அப்புறம் படைவீட்டு மூலையில் இருந்த கூட்டுக் கழிப்பறைக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லவே வேண்டாம்.

மதியம் மழையில் கேர்ஃபிலி கோட்டை. கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு 1268-ல் கட்டத் தொடங்கியது, வேல்ஸிலேயே பெரியது. சுற்றிலும் ஏரி மாதிரி தண்ணீர். தென்கிழக்குக் கோபுரம் பைசா கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கிறது. அதைக் கையால் முட்டுக்கொடுப்பதுபோல ஒரு மரச்சிலை வைத்திருக்கிறார்கள். ஆறு பேரும் அதன் பக்கத்தில் வரிசையாக நின்று தள்ளினார்கள். போட்டோ எடுத்தபோது ஐந்துதான் தெரிந்தது. ஒரு நிமிடம் உயிரே போய்விட்டது. சிலைக்குப் பின்னால் ஒருத்தி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் மகளின் தலையில் கிளிப்பைக் காணோம். கை கழுவும்போது தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம்.

"விடுங்கப்பா, யாராவது தோண்டி எடுப்பாங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.