பாலிஷ் அலுமினியத்தில் உப்புக்கறை: செஸ்னா 140-ஐ மீட்ட அனுபவம்

பெயிண்ட் அடிக்காமல், வெறும் அலுமினியத்தையே முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும் பழைய விமானங்களுக்கு மழையைவிடக் குழாய்த் தண்ணீர்தான் எமன். நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வைத்திருக்கும் 1946ஆம் வருட செஸ்னா 140, அமெரிக்காவின் பீனிக்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஏர்போர்ட்டில் நிற்கிறது. ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையின் கூரையில் வேலை நடந்த சமயம் அதைக் கொஞ்ச நாள் வெளியே கட்டி நிறுத்தியிருந்தோம். பக்கத்துப் புல்வெளியின் ஸ்பிரிங்க்ளர் காற்றோடு சேர்ந்து அதன் இடது பக்கம் முழுக்கத் தெளித்துவிட்டது. அரிசோனா வெயிலில் ஒவ்வொரு துளியும் நின்ற இடத்திலேயே காய்ந்து, உடம்பெல்லாம் வெள்ளை வட்டங்கள்.

இந்த ஊர்த் தண்ணீரில் பெரும்பகுதி சால்ட் ஆற்றிலிருந்தும், பாலைவனம் தாண்டிக் கால்வாயில் வரும் கொலராடோ ஆற்றிலிருந்தும் கிடைப்பது. கால்சியமும் மெக்னீசியமும் ஏராளம். துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, மிச்சத் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் அமில-கார அளவான பி.எச். சுமாராக 4 முதல் 8.5 வரை இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால் உலோகமே அரிபடும். அதனால் நாம் கறை என்று சொல்வது இரண்டு வகை. ஒன்று மேலே படிந்த சுண்ணாம்பு. இன்னொன்று அடியில் விழுந்த அரிப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு.

எடுத்ததுமே பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். அது வேண்டாம் என்பதைத்தான் இந்தப் பதிவில் அழுத்திச் சொல்ல வருகிறேன். விமானத்தின் தோல் 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை. அதில் 4 சதவீதத்துக்கு மேல் செம்பு. வலு அதிகம், ஆனால் சீக்கிரம் அரிபடும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டியிருப்பார்கள். ஆல்கிளாட் என்பது அதுதான். இந்த மாதிரி மெல்லிய தகட்டில் ஒரு பக்கத்துப் படலம் மொத்தக் கனத்தில் 5 சதவீதம். அரை மில்லிமீட்டர் தகடு என்றால் வெறும் 25 மைக்ரான். பளபளப்பதும் காப்பாற்றுவதும் அதுதான், தேய்க்கத் தேய்க்கக் கரைவதும் அதுதான். ஒருமுறை போனால் திரும்ப வராது. சுண்ணாம்பைக் கரைத்தே எடுக்க முடியும் என்றால், அதற்காக ஒரு மைக்ரான்கூடச் செலவழிக்கக் கூடாது.

எங்கள் மெக்கானிக்கிடம் காட்டினோம். கடையில் விற்கும் கடும் அமிலக் கிளீனர், இரும்புக் கம்பளி, அடுப்பு கழுவும் காரம் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது என்றார். இரும்புக் கம்பளியின் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு அந்த இடமே அரிக்க ஆரம்பிக்கும். காரம் உலோகத்தையே தின்னும்.

சரி, வேலைக்கு வருகிறேன். விடியற்காலையில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆரம்பித்தோம். முதலில் மென்மையான சோப்பு நீரால் தூசியைக் கழுவினோம். மணல் இருந்தால் துணியே உப்புத்தாளாகிவிடும். அப்புறம் 5 சதவீத வெள்ளை வினிகரில் சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர் கலந்து, பருத்தித் துணியை நனைத்து, ஒழுகாமல் பிழிந்து, கறைமேல் ஒட்டிவைத்தோம். இரண்டு மூன்று நிமிடம் போதும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்டத்தின் விளிம்பிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்புவது தெரியும்: கார்பனேட் கரைகிறது. குமிழி நின்றதும் துணியை எடுத்து, டிஸ்டில்ட் வாட்டரால் தாராளமாகக் கழுவித் துடைக்க வேண்டும். வினிகர் அங்கேயே காயக்கூடாது.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகளில் மட்டும் ரொம்பக் கவனம் தேவை. அந்த இடுக்கில் அமிலம் போனால் கழுவி எடுக்கவே முடியாது. உள்ளுக்குள் அரிப்பு தொடங்கி, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை புடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இணைப்புகளை டேப்பால் மூடிவிட்டு, ஓரத்துக் கறையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

கறைகளில் பெரும்பாலானவை இதிலேயே போய்விட்டன. மிஞ்சியவற்றின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். நகம் மேடாக இடறினால் இன்னும் படிவு இருக்கிறது, மறுபடி வினிகர். வழவழவென்று போகிறது, ஆனால் வெளிச்சத்தில் மங்கலான வட்டம் தெரிகிறது என்றால் அது அரிப்பு. பாலிஷ் அங்கே மட்டும்தான்.

நுவைட் என்ற பாலிஷ் பேஸ்ட் பல தரங்களில் வரும். அதில் எஃப்9 ரொம்ப முரடு, அதைத் தொடவே இல்லை. எஃப்7-ஐ அரிப்பு விழுந்த இடங்களில் மட்டும், கம்பளிப் பேடில், மெதுவான வேகத்தில் ஓட்டினோம். பிறகு அதைவிட நைசான சி, கடைசியாக இன்னும் நைசான எஸ். எஸ் போடும்போது இரட்டைத் தலை சைக்ளோ மெஷினில் பழைய ஸ்வெட்ஷர்ட் துணியைக் கட்டிக்கொள்வது இந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வது. பட்டாணி அளவு பேஸ்ட் போதும். கன்னங்கரேல் என்று மை வரும். அந்த மை மறைந்து பளபளப்பு எழும்பும்வரை ஓட்ட வேண்டும். ரிவெட் தலைகள்மேலும் தகட்டு விளிம்பிலும் அழுத்தவே கூடாது, ஆல்கிளாட் முதலில் தேய்வது அங்கேதான். கதவுக்குக் கீழே சில வட்டங்கள் ஆழமாக இருந்தன. அவற்றை முழுக்க எடுக்கப் போனால் படலமே போய்விடும் என்று தோன்றியதால், லேசாக மங்கச்செய்து விட்டுவிட்டோம். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் முழுத் திருப்தி.

வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளை இரண்டையும் மூடாமல் பாலிஷ் போடக்கூடாது. மூடியதை எடுக்காமல் பறக்கவும் கூடாது. 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 என்ற பயணி விமானத்தில் நடந்தது அதுதான். போயிங் 757-ஐச் சுத்தம் செய்தபோது ஸ்டாட்டிக் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. இருட்டில், கடலுக்கு மேல், உயரமும் வேகமும் தப்புத் தப்பாகக் காட்டின. 70 பேரும் இறந்தார்கள். நாங்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு டேப்பை நீளமான வாலோடு ஒட்டினோம். வேலை முடிந்ததும் ஒருவர் எடுக்க, இன்னொருவர் விரலால் தடவிப் பார்த்தார்.

இப்போது கழுவும் முறையையே மாற்றிவிட்டோம். தண்ணீரில் கரைந்த உப்புகளை ரெசினால் பிடித்துக்கொள்ளும் டீஅயனைசர் சிலிண்டர் ஒன்றைக் குழாயில் மாட்டியிருக்கிறோம். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் குழாய்த் தண்ணீர் 600-க்கு மேல் காட்டும். சிலிண்டர் தாண்டி வருவது பூஜ்யம். கடைசி அலசல் இதில்தான். அப்புறம் இலை ஊதும் பிளோயரால் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறோம். மீட்டர் 10-ஐத் தொட்டால் ரெசினை மாற்றிவிடுவோம். சிலிண்டருக்கு ஆகும் செலவைப் பார்த்து யோசிப்பவர்கள், ஒரு பக்கத்துக்கு முழுப் பாலிஷ் போட ஆகும் உழைப்பையும் அதில் கரையும் ஆல்கிளாடையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.