காரைக்குடி அடுப்பில் மகி மகி: பிப்ரவரி நாட்குறிப்பு

8 பிப்ரவரி 2025, சனி

வாடை தணிந்துவிட்டது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை, மகி மகி என்கிற ஆழ்கடல் மீனுக்குப் பாம்பன், தூத்துக்குடிப் பக்கத்து ஆழ்கடல் போட்டுகளை எதிர்பார்க்கலாம்.

செட்டிநாட்டுக்குப் பக்கத்துக் கடல் என்றால் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். அங்கே நண்டு வாங்கலாம், இறால் வாங்கலாம். மகி மகியைத் தேடிப் போனால் வெறும் பையோடுதான் திரும்ப வேண்டும். பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடம் 15 மீட்டருக்குள். இதுவோ நீலத் தண்ணீர் மீன், மன்னார் வளைகுடாவைத் தாண்டி வெளியே போனால்தான் கிடைக்கும்.

ஏலக்கூடத்தில் ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெயரைக் கேட்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு தலையிலிருந்து வால் அடிவரை ஒரே ஓட்டமாக இருக்கும். ஆண் மீனுக்கு நெற்றி சுவர் போலச் செங்குத்து, பெண்ணுக்கு உருண்டை. ஏற்றுமதிக்காரர்கள் ‘டால்பின் மீன்’ என்பார்கள். அதற்கும் நிஜ டால்பினான ஓங்கலுக்கும் எந்த உறவும் இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

பிடிக்கிற விதம். மகி மகி எதன் நிழலிலாவது ஒண்டும்: மரக்கட்டை, தென்னமட்டை, அறுந்த வலைத்துண்டு, மிதக்கும் பாசி. பச்சைத் தண்ணீர் முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில், நீவாடு (கடல் நீரோட்டம்) கொண்டுவந்த குப்பை வரிசையாக நின்றால் அந்த வரிசையை ஒட்டியே ஓட்ட வேண்டும். குப்பையை அறுத்துக்கொண்டு நடுவே போனால் தூண்டில் முள்ளில் பாசிதான் மாட்டும். பறவைக் கோலா (பறக்கும் மீன்) கூட்டமாக எழும்பினால் கீழே ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம்.

ஓடும் போட்டுக்குப் பின்னால் தூண்டிலை இழுக்க, மணிக்கு 6 முதல் 8 கடல்மைல் வேகம் போதும். முள்ளுக்கு முன்னால் இரண்டு பாகம் (சுமார் 12 அடி) நீளத்துக்கு 60–80 பவுண்டு தாங்கும் தங்கூஸ் (நைலான் நரம்பு), 6/0 அல்லது 7/0 முள், மேலே ரப்பர் கணவாய். சீலாவுக்குப் போடும் கம்பி இதற்கு வேண்டாம். இதன் பல் சிறியது, தங்கூஸை அறுக்காது. தெளிந்த தண்ணீரில் கம்பி பளபளத்தால் மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

பிடிபட்டதும் துள்ளும். அந்த நேரம் நரம்பு தொய்ந்தால் தலையை உதறி முள்ளைத் துப்பிவிடும். பாதி மீன் போவது இப்படித்தான். இன்னொன்று: முதல் மீனை உடனே மேலே தூக்கிவிடக் கூடாது. அது பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்கும்வரை கூட்டம் அதைச் சுற்றியே நிற்கும். அடுத்த தூண்டிலில், இரை ஊசிக் கணவாய்த் துண்டோ எதுவோ, இன்னொரு மீன் மாட்டிய பிறகு முதலாவதை ஏற்றினால் கூட்டம் கலையாது.

13 பிப்ரவரி, வியாழன்

மேல்தளத்தில் விழுந்த மீனை அடித்துத் துள்ள விட்டால் சதை கன்றிப்போகும். ஈரச் சாக்கைக் கண்மேல் போட்டு அமுக்கினால் அடங்கும். செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி, ரத்தம் வடிந்ததும் ஐஸ்.

ஐஸை மேலே தூவினால் போதாது. மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ, இன்னும் நல்லது பொடி ஐஸ் இரண்டு பங்கும் கடல்தண்ணீர் ஒரு பங்கும் கலந்த கூழில் முழுக்க அமிழ்த்துவது. கட்டி ஐஸுக்கு நடுவே காற்று நிற்கும், குளிர் உள்ளே இறங்காது.

காரணம் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு. சூரை, அயலை போல இதன் சதையிலும் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் அதிகம். 4 டிகிரிக்கு மேல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. மீன் நாறாமலும் இருக்கலாம். தின்றவருக்கு நாக்கில் மிளகு கடித்த சுருசுருப்பு, முகம் சிவப்பு, தலைவலி. சில நிமிடத்திலேயோ ஓரிரு மணி நேரத்திலேயோ வரும். காரசாரமான குழம்பில் அந்தச் சுருசுருப்பை மிளகாய் என்று நினைத்துவிடுவோம், அதுதான் ஆபத்து.

நம் கடல் சூட்டில் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போயாக வேண்டும். கணக்கு ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல, செத்த நேரத்திலிருந்து. ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டியது) மாட்டித் தண்ணீரிலேயே செத்துக் கிடந்த மீனுக்கு, போட்டில் ஏறும்போதே பாதி நேரம் தீர்ந்திருக்கும். அதனால் “எப்போது வந்தது” என்று மட்டும் கேட்காமல் “உயிரோடு ஏறியதா” என்றும் கேளுங்கள்.

15 பிப்ரவரி, சனி

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பச்சையும் பொன்னும் நீலமும் செத்த சில நிமிடத்தில் வடிந்து சாம்பலாகிவிடும். நல்ல மீனும் சாம்பல்தான், கெட்ட மீனும் சாம்பல்தான். செவுளையும், வெட்டிய முகத்தில் நடுவே ஓடும் ரத்தச் சதையையும் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் சரி, பழுப்பாக இருந்தால் வேண்டாம்.

பாம்பனிலிருந்து காரைக்குடிக்கு எப்படியும் மூன்று மணி நேரம். பெட்டியடியில் ஐஸ், மேலே மீன், வயிற்றுக்குள்ளும் ஐஸ், உருகிய தண்ணீர் வடிய அடியில் துளை. துளையை அடைத்து வைத்தால் ஊறிய சதை கொழகொழத்து, சட்டியில் உடையும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தோல் தடிப்பு, வேகாது, ரப்பராகச் சுருங்கித் துண்டை வளைக்கும். செதில் சீவி நேரத்தைக் கழிக்காமல் தோலையே உரியுங்கள். தலைக்குப் பின்னால் கீறி, ஓரத்தைக் குறடால் பிடித்து வாலை நோக்கி இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். ரத்தச் சதையையும் செதுக்கி எடுத்துவிட்டால் கவிச்சி குறையும்.

குழம்பு, ஒரு கிலோ துண்டுக்கு. இது கொழுப்பில்லாத மீன். வஞ்சிரம் குழம்பில் மிதக்கும் மீனெண்ணெய் இதில் வராது; வழக்கமான கணக்கில் வைத்தால் குழம்பு மெலிந்து நிற்கும். தலையையும் நடு எலும்பையும் 700 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, எலுமிச்சை அளவு புளியை அதில் கரையுங்கள்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் 75 மில்லி. வெந்தயம் அரை டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 20 பல், தக்காளி மூன்று. வெந்தயம் கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள்தூள், உப்பு. பிறகு புளித்தண்ணீர். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கட்டும். அம்மியில் சோம்போடு அரைத்த கால் மூடித் தேங்காய் அதன்பின்.

மீன் கடைசியில்தான். தீயைக் குறைத்து, இரண்டு விரற்கடைத் துண்டுகளை அமிழ்த்தி 5–6 நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். இறக்கிய பிறகும் மண்சட்டிச் சூட்டில் வேகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

19 பிப்ரவரி, புதன்

வறுவலுக்கு விரல் தடிமன், மசாலா 20 நிமிடம். ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் சதை வெளுத்து இறுகிவிடும். முதல் பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு.

வால் துண்டும் செதுக்கலும் புட்டுக்கு. சுறாவைவிடச் சதை காய்ந்தது. இட்லிச் சட்டியில் 8 நிமிடம் அவித்து உதிர்த்து, அரைக் கிலோவுக்குச் சின்ன வெங்காயம் 300 கிராம். வெங்காய ஈரம் இல்லாவிட்டால் மரத்தூள்.

மறுநாள் குழம்புக்கு ருசி கூடும் என்பது உண்மைதான். இந்த மீனுக்கு மட்டும், ராத்திரியே துண்டுகளைத் தனியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கிய பிறகு உள்ளே போடுங்கள்.