வேடன் தலையில் விழுந்த மாலை

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அம்மனைக் கும்பிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். திரௌபதி அம்மன் சந்நிதிப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மனுக்கு இடப்பக்கம் கண்ணனோடு பஞ்ச பாண்டவரும் இருக்கிறார்கள். 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டம். எனக்கு முன்னால் இரண்டு பேர், கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் போலிருந்தது.

"அண்ணே, இதுல அர்ச்சுனன் யாரு?"

சாமியை விரல் நீட்டிக் காட்டக் கூடாதே, பெரியவர் கூப்பிய கையை எடுக்காமல் முகவாயால் காட்டினார். "எங்க ஊரு திருவிழால இவரு வேஷம் கட்டித்தான் தபசு மரம் ஏறுவாங்க. மேலேருந்து எலுமிச்சம்பழம் வீசுவாங்கடா. பிள்ளை இல்லாதவங்க மடியேந்தி நிப்பாங்க." விழுப்புரம் பக்கமாம்.

"எதுக்குத் தபசு?"

"பாசுபதம் வாங்க."

அத்தோடு முடித்துவிட்டார். நம்மில் பலரும் அப்படித்தான், தவத்திலிருந்து ஒரே தாவாக, சிவன் தரும் அந்த அஸ்திரத்துக்குப் போய்விடுவோம். நடுவில் நடந்த சண்டைதான் எனக்குக் கதையே.

பன்றி உருவில் மூகன் என்ற அசுரன் பாய்ந்து வருகிறான். அர்ச்சுனன் அம்பு விடுகிறான், அதே நொடியில் ஒரு வேடனும் விடுகிறான். பன்றி யாருக்கு? பாஞ்சாலியை வில்லால் வென்றவன், துரோணரின் செல்லச் சீடன். காட்டு வேடன் ஒருவன் சரிக்குச் சரி நிற்பதை எப்படித் தாங்குவான்? உன் பலத்தின் செருக்கில் உன் தப்பை அடுத்தவன் மேல் போடாதே என்று வேடன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அப்புறம் என்ன, அடிதடிதான். வற்றாத அம்பறாத்தூணி வற்றிப்போகிறது. வில்லால் அடித்தால் வில்லைப் பிடுங்கிக்கொள்கிறான் வேடன். தலையில் வெட்டினால் வாள் உடைகிறது. மரம், கல், கடைசியில் கைச்சண்டை. மூச்சடைத்து விழுகிறான் அர்ச்சுனன்.

இவ்வளவு வாங்கியும் வேடன் அவனுக்கு வேடன்தான். எழுந்து, மண்ணில் சிவனைப் பிடித்து வைத்து மாலை சாற்றுகிறான். அந்த மாலை வேடன் தலையில் இருக்கிறது. காலில் விழுகிறான்.

அடியில் இறங்காத செருக்கு மாலையைப் பார்த்துத்தான் இறங்கியது. வேடன் என்றே நினைத்திருந்தவரை அவனை மதிக்க அர்ச்சுனனுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். சந்நிதியில் அந்த இருவரையும் இடித்துக்கொண்டு முன்னே போன இஸ்திரிச் சட்டைக்காரர்களைப் பார்த்தபோது இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு வரும் தீமிதிக்கு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வாரங்களில் பாரத நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நடக்கும், அர்ச்சுனன் தபசும் அதில் உண்டு. தீமிதியைப் பார்த்துவிட்டோமே என்று இருந்துவிடாமல் தபசு நாளுக்கும் ஒருமுறை போங்கள். தேதியைக் கோயில் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.