கழுத்திலிருந்து தொடங்கும் வரிகள்

"நீங்க சொன்ன மாதிரியேதான் சார், கழுத்துலேர்ந்தே வரி ஓடிச்சு."

அந்த அம்மா தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. பாம்பு கடித்த தம் மகன் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடக்கும் நேரத்தில், நடந்ததை எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் என் பக்கத்து நியாயத்தை நான் எடுத்துச் சொல்லியிருப்பேன். சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒழுங்காக ஒப்பித்தும் அடி வாங்கிய பிள்ளையைப் போல அவர் பேசியதால் எனக்கு வாய் எழவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, அந்த ஒரு வரி இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அழைப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன் அதே வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். தீயணைப்புப் பணியில் இருப்பவர்களுக்குப் பாம்பு அழைப்பைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கோடை தொடங்கிவிட்டால் தீயைவிடப் பாம்புக்குத்தான் அதிகம் ஓடுகிறோம். அன்று சமையலறை அலமாரிக்குப் பின்னால், பல்லியைத் தேடி வந்த ஒரு வெள்ளிக்கோல் வரையன் இருந்தது. ஒரு முழத்துக்குச் சற்றே அதிகமான நீளம், பழுப்பு உடல், அதன் குறுக்கே வெளிறிய பட்டைகள். வீட்டார் கட்டுவிரியன் என்றே முடிவு செய்து, மண்ணெண்ணெயும் உலக்கையுமாக நின்றார்கள். நான் அதைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, அது கட்டுவிரியன் இல்லை என்றும், விஷமே இல்லாத பாம்பு என்றும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அந்தப் பையன் கேட்டான். பத்தொன்பது வயது இருக்கும். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "இதுக்கு வரி கழுத்துலேர்ந்தே ஆரம்பிச்சு வால்பக்கம் போகப்போக மங்கிடும். கட்டுவிரியனுக்கு முன்பக்கம் வெறுமையா இருக்கும், பின்னாடி போகப்போகத்தான் வரி தெளியும், அதுவும் ரெண்டு ரெண்டா ஜோடியா இருக்கும்."

நான் சொன்னதில் பொய் இல்லை. வளர்ந்த பாம்புகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான அடையாளம்தான். பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கு அந்த வெள்ளை வரிகள் கழுத்தை ஒட்டியே தெளிவாகத் தெரியலாம். வயது ஏற ஏறத்தான் முன்பக்கத்து வரிகள் தேய்ந்து, புள்ளிகளாகி, மறைகின்றன. வெள்ளிக்கோல் வரையனும் முதுமையில் பட்டை மங்கிக் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடும். ஐயத்துக்கு இடமில்லாமல் பிரித்தறிய வேண்டுமென்றால் செதிலைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனின் முதுகுத்தண்டின் மேல் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவையாக, அறுகோணமாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு அப்படி இருப்பதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், நாற்பது வாட் குழல்விளக்கின் கீழே, விரலளவு தடிமனுள்ள குட்டியின் முதுகுச் செதிலை யார் பார்ப்பார்கள்? எனக்கு இதெல்லாம் அன்றே தெரியும். குட்டியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றால், அவர்கள் கேட்கவில்லை, நேரமும் ஆகிவிட்டது, சொன்னால் குழம்புவார்கள் என்று நினைத்தேன். மூன்றும் உண்மையான காரணங்கள். மூன்றையும் சேர்த்து வைத்தாலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

ஜூலையில் அவர்கள் வீட்டுக்கு வந்தது கட்டுவிரியன் குட்டி. பையன் பார்த்திருக்கிறான், கழுத்திலிருந்து வரி தெரிந்திருக்கிறது, "அன்னிக்கு வந்தாரே அந்த சார் காட்டின பாம்புதான், அடிக்காதீங்க" என்று தந்தையைத் தடுத்திருக்கிறான். துடைப்பத்தால் முறத்தில் தள்ளி வெளியே விடப் போனபோது அது நழுவ, கையால் பிடித்திருக்கிறான். விரலில் எறும்பு கடித்தது போல இருந்ததாம். வலியும் வீக்கமும் இல்லாததால் கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டான். விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தவனுக்கு இமை திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

கட்டுவிரியனின் நஞ்சு, நரம்பு தசையோடு சேரும் முனையையே சிதைக்கிறது. நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை அது மீட்காது. உடல் தானாக அதைப் புதுப்பித்துக்கொள்ளும் வரை கருவிதான் மூச்சு விட வேண்டும். எனவே இந்தக் கடியில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வருகிறது, அந்த வீட்டில் நான்கு மணி நேரம் போயிருந்தது. அந்த நான்கு மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்தது என்னுடைய சொல். பையன் பிழைத்தான். ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவன் பிழைத்திருக்காவிட்டால் இதை எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. "அடிக்காதீங்க" என்று சொன்னேன், அது உறுதி. "தொடாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க" என்று சொன்னேனா? எப்போதும் சொல்வேன். எல்லா வீட்டிலும் சொல்வதால், அந்த வீட்டில் சொன்னதாகவும் நினைவிருப்பது போல ஒரு தோற்றம் வருகிறது. அன்று உடனிருந்த எங்கள் வண்டி ஓட்டுநர் அண்ணன், "நீ சொன்னப்பா, நான் வாசல்ல நின்னு கேட்டேன்" என்று அடித்துச் சொல்கிறார். அவர் நல்ல மனிதர். நான் தூங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்லக்கூடியவர். அவரிடம் இரண்டாம் முறை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் சொன்னேனா இல்லையா என்ற கேள்வியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதே, செய்த ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானோ என்று இப்போது படுகிறது. விஷமில்லை என்று நான் சொன்னதை அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. தந்தை உலக்கையைக் கீழே வைக்கவில்லை. அப்போது நான் கையுறையைக் கழற்றி, என் சுட்டுவிரலைப் பாம்பின் வாயருகே நீட்டினேன். வெள்ளிக்கோல் வரையன் கடிக்கத் தயங்காத பாம்பு. வழுவழுப்பான உடலுள்ள அரணையையும் பல்லியையும் பிடித்து நிறுத்துவதற்கென்றே முன்புறத்தில் நீண்ட பற்கள் உண்டு. கவ்வியது. தட்டையான அந்த மூக்கும், வெண்மையான மேலுதடும், மணி போன்ற கருங்கண்ணும் என் விரல்மேல் அசையாமல் இருந்தன. விடுவித்தபோது இரண்டு மூன்று ஊசி முனைகளிலிருந்து இரத்தம் துளிர்த்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். தந்தை உலக்கையைச் சுவரில் சாய்த்தார். அம்மா எனக்குத் தேநீர் கொடுத்தார். பையன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அதை நான் பெருமைக்காகச் செய்யவில்லை. அந்த உயிரைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் வரி, ஜோடி, கழுத்து என்று நான் பேசியதெல்லாம் போய், கடிபட்ட விரலும் சிரித்த முகமும்தான் நின்றிருக்கும். "தொடாதீங்க" என்று நூறு முறை சொல்லியிருந்தாலும், தொட்டுக் காட்டியவன் நான்.

அதற்குப் பிறகு விஷமற்ற பாம்புகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உலகில் 3,000க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. நஞ்சுள்ளவை ஏறத்தாழ 600தான். மிச்சமுள்ளவற்றில் பல, நஞ்சுள்ள ஒன்றின் சாயலைப் போர்த்திக்கொண்டே பிழைக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் பவளப் பாம்பின் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வளையங்களைப் பால்பாம்பு அணிந்திருக்கிறது. எந்த நிறம் எந்த நிறத்தைத் தொடுகிறது என்று பார்த்து இரண்டையும் பிரிக்க அமெரிக்காவில் ஒரு பாட்டே உண்டு. தென் அமெரிக்காவுக்குப் போனால் அந்தப் பாட்டு பொய்த்துவிடும், அங்குள்ள பல பவளப் பாம்புகளில் நிறங்களின் அடுக்கு வேறு. ஆப்பிரிக்காவின் முட்டைதின்னிப் பாம்புக்குப் பேருக்குத்தான் பல் உண்டு. ஆனால் மிரட்டும்போது சுருட்டை விரியனைப் போலவே உடலைச் சுருட்டிச் செதிலைச் செதிலோடு உரசிச் சரசரக்கும். எங்கள் வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனின் சாயலால்தான் பகைக்குத் தப்புகிறது என்று கருதப்படுகிறது. ஒன்றையொன்று பிரித்தறிய முடியாமல் இருப்பதுதான் அதன் கவசம். வீட்டுக்குள் வந்துவிட்டால் அதே சாயலால் அடிபட்டுச் சாகிறது. நான் செய்ய முயன்றது, அந்தச் சாயலை ஒரே இரவில், ஒரு வாக்கியத்தில் கலைத்துவிடுவது. காலகாலமாகப் பருந்தையும் கீரியையும் ஏமாற்றி வந்த ஒன்றை, குழல்விளக்கின் கீழே ஒரு பையனால் பிரித்துவிட முடியும் என்று நம்பினேன்.

தெரிந்தவர்களுக்கே தவறியிருக்கிறது. 1957 செப்டம்பரில் சிகாகோவில், கார்ல் ஷ்மிட் என்ற பெரிய பாம்பியல் அறிஞரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாம்பை இனங்காணக் கொடுத்தார்கள். பூம்ஸ்லாங் என்னும் மரப்பாம்பின் குட்டி அது. கட்டைவிரலில் கடித்தது. குட்டி, பல்லும் சரியாகப் பதியவில்லை என்று எண்ணி, தமக்கு என்ன ஆகிறது என்பதை மணிவாரியாகக் குறித்துக்கொண்டிருந்தார், மறுநாள் இறந்துபோனார். இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல், அதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு பெரியவருக்கே இப்படி என்றால் நான் எம்மாத்திரம் என்று. பிறகு அந்த ஆறுதல் கசந்தது. அவர் தம்முடைய விரலைத்தான் கொடுத்தார்.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒருமுறை போனேன். 1978இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தினர் பிடித்துத் தரும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சிலிருந்துதான் நம் மருத்துவமனைகளுக்கான நஞ்சுமுறி மருந்து பெருமளவு உருவாகிறது. துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகள் இருந்தன. பகலில் கட்டுவிரியன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும். அங்கே இருந்த ஒரு பெரியவரிடம், குட்டியாக இருந்தால் வெள்ளிக்கோல் வரையனிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள் ஐயா என்று கேட்டேன். "பாத்தா தெரியும்" என்றார். வேறு எப்படி என்று மறுபடியும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பாத்தா தெரியும் தம்பி" என்றே சொன்னார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. சிறுவயதிலிருந்து வயலிலும் வரப்பிலும் பார்த்துப் பார்த்து வந்த தெளிவு அது. வாக்கியமாக உடைத்துக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. என்னிடம் வாக்கியம் இருந்தது.

எங்கள் நிலைய அலுவலர் இதைக் கேட்டுவிட்டு, "பிடிச்சோமா, வந்தோமான்னு இருங்க. பாடம் எடுக்க வேண்டாம்" என்றார். அதுவே சரியென்று ஆறு மாதம் அப்படியே இருந்தேன். எந்த வீட்டிலும் பெயர் சொல்லவில்லை, விளக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடித்துப் போட்டிருந்த பாம்புகளை எண்ணினேன்: பதினொன்று. அவற்றில் ஒன்பது விஷமற்றவை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி, நான்கு வெள்ளிக்கோல் வரையன், விரல் நீளமே இருந்த ஒரு புழுப்பாம்பு. மண்புழு போலிருக்கும் அந்தப் புழுப்பாம்பைச் செங்கல்லால் நசுக்கியிருந்தார்கள். கடிக்க வாய்கூடப் போதாத உயிர் அது. முன்பெல்லாம் ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு விளக்கிச் சொன்னால், அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து அழைப்பு வரும்போது பாம்பு உயிரோடு இருக்கும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே வாயை மூடிக்கொள்வதும் சரியில்லை என்று மறுபடியும் பேசத் தொடங்கினேன். இப்போது முதலில் சொல்வது கடியைப் பற்றி: எந்தப் பாம்பு கடித்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே அரசு மருத்துவமனை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் "எந்தப் பாம்பானாலும் பயப்படுங்க" என்று தொடங்கிவிட்டு, அடுத்த மூச்சில் "அடிக்காதீங்க" என்றால், கேட்பவர் முகத்தில் ஒரு சலிப்பு தெரிகிறது. பயந்தவன் அடிக்கத்தான் செய்வான். பயத்தைப் போக்கினால் தொடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் சொல் எது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் அந்தப் பையனே அழைத்தான். இப்போது ஒரு கடையில் வேலைக்குப் போகிறான். "சார், குளியலறையில ஒண்ணு வந்திருக்கு. என்ன பாம்புன்னு நான் பாக்கல. கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நிக்கிறோம்."

போனேன். வாளிக்குப் பின்னால் சுருண்டிருந்தது. கொக்கியால் எடுத்து, கையுறையைக் கழற்றாமல், நெகிழி ஜாடிக்குள் விட்டு மூடியபிறகு விளக்கின் கீழ்க் கொண்டுபோய் முதுகுச் செதிலைப் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன், மேலுதட்டைப் பார்த்தேன், வால் வரை வரிகளை எண்ணினேன். பையன் வாசற்படிக்கு அப்பால் தெருவிளக்கின் அடியில் நின்றுகொண்டிருந்தான்; கிட்டே வரவில்லை.

"என்ன பாம்பு சார்?" என்றான்.

"வெள்ளிக்கோல் வரையன்" என்றேன்.

தலையசைத்தான். விஷம் உண்டா இல்லையா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜாடியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவன் என் வலது கையின் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியது. கையுறை இன்னும் கையில்தான் இருந்தது.