காற்று, தண்ணீர், அப்புறம்தான் ஆள்

போன சித்திரையில் எங்கள் ஊர்க் கிணற்றில் தூர் வார ஏற்பாடு செய்தான் அண்ணன் மகன். நகரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். கிணறு 60 அடி, அடியில் 10 அடித் தண்ணீர். மோட்டார் காயில் எரிந்துபோய்ப் புத்தூரில் கிடந்தது, கட்டித் தர நாலு நாள் ஆகும் என்றார்கள். அவசரத்துக்கு ஒரு பெட்ரோல் எஞ்சின் பம்பை வாடகைக்குக் கொண்டுவந்து, கயிறு கட்டி உள்ளே இறக்கத் தயாராக நின்றார்கள்.

மேலேயே வைத்து ஓட்டக் கூடாதா என்றால், முடியாது. எந்தப் பம்பும் தண்ணீரை 25 அடிக்கு மேல் உறிஞ்சி எடுப்பது கஷ்டம். கீழிருந்து மேலே அதைவிட அதிக உயரம் தள்ளும், ஆனால் உறிஞ்சாது. அதனால்தான் பாதிக் கிணற்றில் இருக்கும் கல் மேடையில் எஞ்சினை வைக்கிறார்கள். வைத்தவன் அதை ஓட்டவும் இறங்குகிறான்.

நான் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "சித்தப்பா, அரை மணி நேர வேலை" என்றான். விடவில்லை.

கோதாவரிக் கரை நிலக்கரிச் சுரங்கத்தில் 31 வருஷம் பம்ப் ஃபிட்டராக இருந்தவன் நான். அங்கே தெலுங்குக்காரர்கள் சுரங்கத்தைப் 'பாயி' என்பார்கள். கிணறு என்று அர்த்தம். வேலைக்குக் கிளம்பினால் பாயிக்குப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தசராவோ ஸ்ட்ரைக்கோ, கரி வெட்டுபவர்கள் வராவிட்டாலும் பம்ப் ஆளும் ஃபேன் ஆளும் வந்தாக வேண்டும். பம்ப் நின்றால் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும், சரி செய்ய அவகாசம் உண்டு. ஃபேன் நின்றால் அந்த அவகாசம் கிடையாது. உள்ளே கரண்டை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவார்கள். ஃபேன் மறுபடி ஓடினாலும் சர்தார், அதாவது பாதுகாப்பைப் பார்க்கும் மேற்பார்வையாளர், போய் வாயு பார்த்துச் சொல்லும்வரை யாரும் இறங்க முடியாது. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். ஆனால் சட்டம் 1.25 சதவீதத்திலேயே ஆளை வெளியே கூப்பிட்டுவிடும். ஓர் ஆளுக்கு நிமிஷத்துக்கு 6 கன மீட்டர் காற்றாவது போக வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பலர் நினைப்பதுபோல் எங்கள் பெரிய ஃபேன் காற்றை உள்ளே ஊதவில்லை. சுரங்கத்திலிருந்து மேலே திறக்கும் வழியை வாய் என்போம்; அப்படி ஒரு வாயில் உட்கார்ந்து கெட்ட காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. நல்ல காற்று இன்னொரு வாய் வழியாகத் தானாக வந்தது. நடுவில் கதவுகளை இரண்டிரண்டாக வைத்திருப்பார்கள். ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டும் திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், கோடியில் கரி எடுப்பவனுக்கு மூச்சு முட்டும். நான் பம்புக்குப் போகும் வழியில் இப்படி ஒரு ஜோடிக் கதவு இருந்தது. மூடிய கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு நடக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டு வாய் வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் ஒரு பம்ப் இருக்கிறது. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் பெரிய இரும்பு உத்தரம் உடைந்து குழிக்குள் விழுந்தது. இருந்தது ஒரே குழி, அதுவும் அடைபட்டது. 204 பேர் இறந்தார்கள். அதே வருஷம் இரண்டு வழி கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. பம்ப் வேலைக்காரனான எனக்கு அதைக் கேட்ட நாள் மறக்கவில்லை.

நம் கிணற்றுக்கு வாய் ஒன்றுதான். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத கிணற்றில் அது வெளியேற வழியில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "விளக்கை இறக்கிப் பார், அணையாவிட்டால் இறங்கலாம்" என்றார். தப்பு அங்கேதான் இருக்கிறது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு, இறங்கக் கூடாது என்பது சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது நல்ல வழக்கம், அடியில் தேங்கிய காற்றைக் கொஞ்சம் கலைக்கும். ஓடுகிற எஞ்சினுக்கு அது போதாது.

நான் பத்தாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் இப்படித்தான். முதலில் ஒருவர் மயங்கினார். அவரைத் தூக்கத் தம்பி இறங்கினார். அப்புறம் மைத்துனர். மூன்று பேரையும் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனதைப் பார்த்தேன்.

அன்றைக்கு எஞ்சினைத் திருப்பி அனுப்பினோம். வாடகைப் பணம் போனது, அண்ணன் மகன் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. புத்தூரிலிருந்து நீர்மூழ்கி மோட்டார் எடுத்து வந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரே மூச்சில் இறைத்தால் கல் கட்டடத்துக்குப் பின்னால் ஊறிய ஈரம் சுவரை உள்ளே தள்ளிவிடும். சுரங்கத்தில் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். கணீர் என்றால் நிற்கும், பொத் என்றால் கூரை விட்டுப் போயிருக்கிறது. அதே மாதிரி கிணற்றுக் கற்களையும் மேலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். வடக்குப் பக்கம் இரண்டு கல் பொத்தென்றது, அவற்றை முதலில் எடுக்க வைத்தேன்.

கொல்லுப்பட்டறை புளோயரில் பாலித்தீன் குழாயை மாட்டி, அடிவரை விட்டு ஒரு மணி நேரம் ஊதினோம். ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தவில்லை. இறங்கியவன் இடுப்பில் கயிறு, மேலே பிடிக்க நாலு பேர். அவன் மயங்கினால் கயிற்றை இழுக்க வேண்டுமே தவிர யாரும் பின்னால் இறங்கக் கூடாது என்று நாலு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்.

புளோயரும் 70 அடிக் குழாயும் இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. நகரி, புத்தூர்ப் பக்கம் யாராவது கிணற்றில் இறங்குவதாக இருந்தால் வந்து எடுத்துப் போங்கள். கயிறும் இருக்கிறது. கூப்பிட்டால் நானும் வருகிறேன்.