வெள்ளத்தில் நின்ற கார்: எஞ்சின் தப்பியது, மீதி வேலைதான் பெரிது

2021 நவம்பர் மழையில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை ஆறு எங்கள் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஏறிவிட்டது. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கோதையாற்றில் வந்து, மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, எங்கள் பக்கம் வரும்போது கரை எது, வாழைத்தோட்டம் எது என்றே தெரியவில்லை. வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. கீழே ஷெட்டில் நின்ற பெட்ரோல் கார் மாட்டிக்கொண்டது. தண்ணீர் வடிந்தபோது சேற்றுக் கோடு சீட்டுக்கு மேலே ஏறியிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் காரைவிட சாவியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். வருகிறவர் எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாரு மக்களே, பிடிச்சா எஞ்சின் சூட்டுலயே ஒணங்கிரும்" என்றார் மாமா. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சிலநேரம் எஞ்சின் பிளாக்கையே உடைக்கும். மாமாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மார்த்தாண்டத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு ஆலுவா பக்கம் போய் வேலை பார்த்தவர். போனிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, லைட்டு எரியுதான்னுகூட பாக்கப்பிடாது. பாட்டரி நெகட்டிவ கழத்திப் போடு. கழுவுறதுக்கு முன்ன நாலு பக்கமும் போட்டோ எடு." பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். ஈரமான கனெக்டரில் கரண்ட் ஓடினால் பின்கள் பச்சை பிடித்து அரித்துவிடும் என்பதால்தான் இந்த அவசரம்.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் போவது அங்கேதான். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு பாலிசி இருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் வந்ததல்ல, பின்விளைவு என்று கழித்துவிடுவார்கள். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். எங்களிடம் பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஆட்-ஆன்) இருந்தது, எஞ்சின் பாதுகாப்பு இல்லை. அதனால் எஞ்சினை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. சேற்றுக் கோடு, நனைந்த ஏர் ஃபில்டர், கழற்றிய பாட்டரி ஒயர் எல்லாமே போட்டோவில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மாவட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றதால், சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் உடனே வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. சிலிண்டர் சுவரில் துரு பிடிப்பது அவருக்காகக் காத்திருக்காது. "எஞ்சினில் இருந்து தண்ணீரை மட்டும் வடிக்கிறோம், பாகம் எதையும் மாற்றவில்லை" என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பி, அவர்கள் சம்மதத்தை எழுத்திலேயே வாங்கினேன். போனில் சரி என்று சொன்னதைக் கடைசியில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம், கயிறு கட்டி இழுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. அண்ணன் முதலில் பிளக்குகளைக் கழற்றினார். எஞ்சினைச் சுற்ற உதவும் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். எங்கும் தட்டாமல் சுற்றியது. பிளக் துவாரம் வழியாகச் சேற்றுத் தண்ணீர் வெளியே வந்தது. அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைத் திறந்ததும் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆயில். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறப்போட்டார். பிறகு விலை குறைந்த ஆயில், புது ஃபில்டர். கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்து, மறுபடி ஊற்றி, நிறம் தெளியும்வரை அதே வேலை. பெட்ரோல் டேங்க்கை இறக்கி வடித்தார். கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றினார். சிலிண்டர் காற்றை நசுக்கும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரெஷனை, பார்த்தபோது எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ராடு வளையவில்லை.

எஞ்சின் வேலை சட்டென்று முடிந்தது. இழுத்தடித்தது உள்ளே இருந்த சாமான்கள்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் மேலே காய்ந்ததுபோல் தெரியும், அமுக்கினால் தண்ணீர் வரும். சீட்டை எல்லாம் கழற்றாமல் "உலர்த்திவிட்டோம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செல்ஃப் மோட்டார், டைனமோ இரண்டையும் பிரித்துக் கழுவினார்கள். சீட்டுகளுக்கு நடுவே தரையோடு இருந்த ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டை மாற்றியே ஆகவேண்டும் என்றார் அண்ணன். அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

சர்வேயர் கிலோமீட்டர் ரீடிங் கேட்டார். டிஜிட்டல் மீட்டர், பாட்டரியே இல்லை, எப்படிக் காட்டுவது? கடைசி சர்வீஸ் பில்லைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார். செலவு ஐ.டி.வி-யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் பழுதுபார்க்க முடியாத டோட்டல் லாஸ் என்று போய்விடும், எங்கள் எஸ்டிமேட் அதற்குக் கீழே நின்றது. பம்பர் டு பம்பர் இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், பாட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள். 1500 சிசி-க்குள் உள்ள வண்டி என்பதால் கிளெய்மில் நம் பங்காகக் கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1000 ரூபாயோடு நின்றது.

சில மாதம் கழித்து முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. பேரிங்குக்குள் சேறு. அது கிளெய்மில் வரவில்லை, கைக்காசுதான். பிறகு கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஒருவர் வண்டி வாங்க வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை, நேராகச் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். பெல்ட் புதுசு என்று கண்டதும் என்னைப் பார்த்தார். பில் ஃபைலை எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, நானேதான் ஓட்டுகிறேன்.